ஊர்க்குளத்துக்காக எதில் எழுதுவது: வாட்ஸ்அப்பா, பேஸ்புக்கா, நோட்டீஸா, வலைப்பூவா?

நெல்லைப் பக்கம் குளத்துக்காகவோ கால்வாய்க்காகவோ நாலு பேர் சேர்ந்தால் முதல் வேலை வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பதுதான், மனு எழுதுவதெல்லாம் அப்புறம். தப்பில்லை. ஆள் கூப்பிட அதைவிட வேகமானது எதுவும் கிடையாது. "காலையில ஆறு மணிக்கு மறுகால் பக்கம் வாங்க, மண்வெட்டி இருந்தா எடுத்துட்டு வாங்க" என்று ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் போதும், விடியும்போது ஆள் நிற்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் டவர் வேலை செய்த இடங்களில் இந்த குரூப்கள் எவ்வளவு கை கொடுத்தன என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் சில மாதம் கழித்துத்தான் வரும். "எந்த மடை, எப்போ உடைஞ்சது, முன்னாடி மனு கொடுத்திருக்கீங்களா?" என்று அதிகாரி கேட்கும்போது அந்தப் போட்டோ குட்மார்னிங் படங்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் அடியில் எங்கேயோ கிடக்கும், எடுத்தவரோ போனில் இடமில்லை என்று எப்போதோ அழித்திருப்பார். குரூப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம், சரி. ஆனால் நம் விஷயத்தைத் தேடுகிற நிருபரும் வக்கீலும் அந்த 1024 பேரில் இருக்க மாட்டார்கள்.

பேஸ்புக் கொஞ்சம் பரவாயில்லை. சென்னையிலும் துபாயிலும் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் அதில்தான் பார்க்கிறார்கள், நன்கொடையும் அப்படித்தான் வருகிறது. ஆனால் அதில் ஒரு பதிவின் ஆயுசு இரண்டு மூன்று நாள். கங்கைகொண்டான் சிப்காட் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்க 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது, 2017 மார்ச்சில் அது நீங்கியது. அதைப் பற்றி இன்று கூகுளில் தேடுங்கள். பத்திரிகைச் செய்திகள் உடனே வரும், நம் ஆட்கள் அன்று பேஸ்புக்கில் எழுதியதைக் கண்டுபிடிக்கத்தான் பாடாய்ப் பட வேண்டும்.

நோட்டீஸை யாரும் இப்போது மதிப்பதில்லை, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிராமசபைக்கு முந்தின நாள் டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் கொடுத்துப் பாருங்கள், போனே தொடாத அண்ணாச்சிகூட முழுசாக வாசித்துவிட்டு, "இதுல எங்க தெரு வாறுகாலைச் சேக்கலையே" என்று சண்டைக்கு வருவார். அப்படிப்பட்டவர்தான் கூட்டத்துக்கும் வருவார்.

வலைப்பூ என்றால் "அதை இப்ப யாரு படிக்கா?" என்பார்கள். உண்மைதான், தினமும் காத்திருந்து படிக்க ஆள் கிடையாது. நமக்குத் தினசரி வாசகர் தேவையும் இல்லை, என்றைக்கோ ஒருநாள் தேடி வருகிற அந்த ஒரு ஆள் போதும். 1999-ல் வந்து, 2003-ல் கூகுள் வாங்கிய பிளாகர் என்ற வலைப்பூத் தளம் இன்றும் இலவசம்தான்.

ஒரு குளத்துக்கு ஒரு பதிவு என்று வையுங்கள். தலைப்பில் குளத்தின் பெயர், கிராமம், வட்டம். உள்ளே சர்வே எண், தண்ணீர் எந்தக் கால்வாயில் வருகிறது என்ற விவரம்: சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் திருநெல்வேலிக் கால்வாயா, பழவூர் அணைக்கட்டின் பாளையங்கால்வாயா என்பது முக்கியம், ஏனென்றால் அடைப்பு பல சமயம் குளத்தில் இருக்காது, மேலே எங்கேயோ அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மண்டிய இடத்தில் இருக்கும். அப்புறம் ஒரே மடையை ஒரே இடத்தில் நின்று ஐப்பசியில் ஒரு படம், சித்திரையில் ஒரு படம். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுத்த மனுவின் எண்ணும் தேதியும். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு, 30 நாளில் பதில் வரவில்லை என்றால் முதல் மேல்முறையீடு, வந்த பதிலின் ஸ்கேன் எல்லாம் அதே பதிவின் கீழேயே வரிசையாக ஏற வேண்டும். ஸ்கேனை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், முக்கியமான வரிகளைத் தமிழில் தட்டச்சு செய்தால்தான் தேடலில் சிக்கும். அதிகாரி மாறுதலாகிப் போனால், புதிதாக வந்தவரிடம் பழைய கதையை முதலிலிருந்து சொல்லாமல் அந்த இணைப்பை நீட்டலாம்.

ஆனால் பொதுவில் கிடப்பதால் வம்பும் உண்டு. குரூப்பில் பேசுகிற வேகத்தில் "இன்னார் குளத்தை வளைத்துவிட்டார்" என்று பெயர் போட்டு எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். சர்வே எண்ணையும் ஆவணம் சொல்வதையும் மட்டும் எழுதுங்கள், மனுவிலிருக்கிற வீட்டு முகவரி, போன் நம்பரை மறைத்துவிடுங்கள்.

என் கணக்கில் எழுதுவது வலைப்பூவில், கூப்பிடுவது வாட்ஸ்அப்பில். நோட்டீஸின் ஓரத்தில் வலைப்பூவுக்கு ஒரு க்யூஆர் கோடு அடித்தால் நோட்டீஸும் வலைப்பூவும் சேர்ந்துகொள்ளும். பேஸ்புக்குக்கு நேரம் மிஞ்சினால் பார்க்கலாம்.

ஆரம்பிக்கும்போது கணக்கைக் கம்ப்யூட்டர் தெரிந்த தம்பியின் சொந்த மெயிலில் திறந்துவிடாதீர்கள். வேலை கிடைத்து அவர் பெங்களூர் போனால் பாஸ்வேர்டும் கூடவே போய்விடும். சங்கத்தின் பெயரில் தனி மெயில் எடுத்து, குறைந்தது இரண்டு பேரை நிர்வாகியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.