வீட்டோவா, ஒதுங்கலா: ஹங்கேரி கையாண்ட இரண்டு வழிகள்

ஐரோப்பிய ஒன்றிய வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்தில் பெரிய முடிவு என்றால் 27 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிரதமராக இருந்த விக்டர் ஓர்பானின் ஆட்சியில் ஹங்கேரி, தனக்கு உடன்பாடில்லாத முடிவுகளை இரண்டு விதமாகக் கையாண்டது.

ஒன்று வீட்டோ, அதாவது ஒரே ஒரு நாடு மறுத்து முடிவையே தடுப்பது. 2023 மே மாதம் உக்ரைனுக்கான 50 கோடி யூரோ ராணுவ நிதியை முடக்கியது. காரணம்? ஓடிபி என்ற ஹங்கேரி வங்கியை, ரஷ்யாவின் போருக்குத் துணைபோகும் நிறுவனங்களின் பட்டியலில் உக்ரைன் அரசு சேர்த்திருந்தது. பெயரை நீக்கச் சொல்லித்தான் பேரம்; ஆனால் நீக்கிய பிறகும் பணம் நகரவில்லை! அப்புறம் இப்படிப்பட்ட பேரத்தை யார் நம்புவார்கள்?

இன்னொன்று, தடுக்காமல் ஒதுங்கிக்கொள்வது: வாக்களிக்காமல் விலகி நின்றால், மற்ற நாடுகள் முடிவை எடுத்துக்கொள்ளலாம். 2022 அக்டோபரில் உக்ரைன் வீரர்களுக்கான பயிற்சித் திட்டத்தில் ஹங்கேரி இதைத்தான் செய்தது. திட்டம் நடந்தது; ஹங்கேரி சேரவில்லை, அவ்வளவுதான். ஆயுத உதவியில் ஆஸ்திரியாவும் அயர்லாந்தும் இப்படித்தான் ஒதுங்கின. தலைப்புச் செய்தி கிடைக்காது, பகையும் வராது. எனக்கு இதுவே கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது.