ஏஎம்எஸ் 700: விறைப்புக் குறைபாட்டுக்கான உள்வைப்புக் கருவியின் வடிவமைப்பு பற்றி

மாத்திரை, ஊசி, வெற்றிடக் குழாய் ஆகிய எவற்றாலும் பயன் பெறாதவர்களுக்கு, விறைப்புக் குறைபாட்டைத் தீர்க்க எஞ்சியிருக்கும் வழி ஆண்குறிக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையாகும். நீண்டகாலச் சர்க்கரை நோயால் நரம்பும் ரத்தக் குழாயும் பழுதடைந்தவர்களும், புராஸ்டேட் புற்றுநோய்க்காக அச்சுரப்பியை அகற்றிக்கொண்டவர்களும் இவர்களில் கணிசமானோர். கூச்சத்தின் காரணமாகப் பலர் மருத்துவரிடம்கூட வாய் திறப்பதில்லை என்பதால், இக்கருவிகளைப் பற்றி வெளிப்படையாக எழுதுவது அவசியம் எனக் கருதுகிறேன். பாஸ்டன் சயன்டிஃபிக் நிறுவனத்தின் ஏஎம்எஸ் 700 இவற்றுள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள ஒன்று.

1973-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட முதல் நீர்மக் கருவியிலிருந்து வளர்ந்ததே இது. ஆண்குறியின் இரு பக்கத்து விறைப்புத் திசுக்களுக்குள் இரண்டு சிலிண்டர்களும், விரைப்பையில் ஒரு பம்பும், அடிவயிற்றில் உப்புநீர் நிரம்பிய ஒரு பையும் வைக்கப்படுகின்றன. பம்பை அழுத்த அழுத்த நீர் பையிலிருந்து சிலிண்டர்களுக்குச் சென்று விறைப்பைத் தருகிறது. விடுவிப்புப் பொத்தானை அழுத்தினால் திரும்பிவிடுகிறது. வெளியே எதுவும் தெரிவதில்லை.

இக்கருவியில் என்னை மிகவும் கவர்ந்தது சிலிண்டர்களின் கட்டமைப்பு. வெறும் சிலிக்கோன் குழாயில் நீரை ஏற்றினால், வலுக்குறைந்த இடத்தில் அது புடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க, இரண்டு சிலிக்கோன் அடுக்குகளுக்கு நடுவே நெய்த துணி அடுக்கு ஒன்றை வைத்திருக்கிறார்கள். விரிவு எந்தத் திசையில், எவ்வளவு என்பதை அந்தத் துணியே வரையறுக்கிறது. சிஎக்ஸ் வகை பருமனில் மட்டும் விரிகிறது. எல்ஜிஎக்ஸ் வகை நீளத்திலும் விரிகிறது. ஆயினும் துணியும் சிலிக்கோனும் ஓயாமல் உராய்ந்தால் நாளடைவில் தேய்ந்து நீர் கசியும் என்பதால், உராயும் பரப்புகளில் பாரிலீன் என்னும் மிக மெல்லிய பூச்சைப் பின்னர் சேர்த்தனர். நோயாளியின் கண்ணுக்கு ஒருபோதும் படாத இந்தத் திருத்தம், மறு அறுவை என்னும் பெருந்துன்பத்தைத் தள்ளிப்போடுகிறது என்பதனாலேயே அதை உயர்வாக மதிக்கிறேன்.

கிருமித் தொற்று ஏற்பட்டால் கருவியையே வெளியே எடுக்க நேரிடலாம். அதனால் இதன் மேற்பரப்பில் ரிஃபாம்பிசின், மினோசைக்ளின் என்ற இரண்டு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை ஆலையிலேயே ஏற்றித் தருகிறார்கள். போட்டியாளரான கோலோபிளாஸ்டின் டைட்டன் கருவியில் இதற்கு மாறாக நீரை ஈர்க்கும் பூச்சு உள்ளது. அறுவை மேசையிலேயே மருத்துவர் தேர்ந்தெடுக்கும் மருந்துக் கரைசலில் அதை நனைத்துக்கொள்ளலாம். மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு டைட்டனின் வழியே பொருத்தமானது. ஏஎம்எஸ் 700-இன் மருந்துப் பூச்சு, இந்த மருந்துகள் ஒவ்வாதவர்களுக்கும் லூபஸ் (உடலின் நோயெதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்களுக்கும் ஏற்றதன்று. இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நோயாளி அன்றாடம் தொட்டுப் பயன்படுத்தும் ஒரே பாகமான பம்பைப் பற்றி மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. ஸ்காட்டின் முதல் கருவியில் நிரப்ப ஒன்று, வடிக்க ஒன்று என இரண்டு பம்புகள் இருந்தன. அவை ஒன்றாகி, பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி விட்டாலே நீர் திரும்பும் அளவுக்கு வந்திருப்பது பெரிய முன்னேற்றம்தான். இருமும்போதோ சுமை தூக்கும்போதோ வயிற்றின் அழுத்தத்தால் கருவி தானே நிரம்பிவிடாதபடி தடுக்கும் வால்வும் உள்ளே இருக்கிறது. எனினும், தோலுக்கு அடியில் அசையும் ஒரு சிறு பொருளைப் பார்க்காமலே பிடித்து, அதன் பொத்தான் எங்கே என்று விரல் நுனியால் கண்டறிவது எல்லாருக்கும் எளிதன்று. சர்க்கரை நோயால் விரல் உணர்ச்சி மங்கியவர்களும் மூட்டுவாதத்தால் பிடி தளர்ந்தவர்களும் இதை நாடும் முதியவர்களிடையே இருக்கிறார்கள் என்பதை வடிவமைப்பாளர்கள் இன்னும் அழுத்தமாக மனத்தில் கொள்ள வேண்டும். வெப்பத்தால் வடிவத்தை மீட்கும் நிக்கல்-டைட்டானியம் உலோகக் கலவையைக் கொண்டு, பம்பும் நீரும் இல்லாத கருவியை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முயன்றது இந்தக் காரணத்தால்தான் எனக்கு நம்பிக்கையளிக்கிறது.

எதிர்பார்ப்பைப் பற்றியும் தெளிவு வேண்டும். இக்கருவி விறைப்பை மட்டுமே தரும். ஆசையையோ தோலின் உணர்ச்சியையோ உச்ச இன்பத்தையோ கூட்டவோ குறைக்கவோ செய்யாது. பழைய நீளம் திரும்பிவிடும் என்று நம்பி வருபவர்களே பின்னர் ஏமாற்றமடைகிறார்கள். விறைப்புத் திசுவில் இடம் உண்டாக்கியே சிலிண்டர் வைக்கப்படுவதால், பின்னாளில் கருவியை எடுத்தாலும் இயற்கையான விறைப்பை எதிர்பார்க்க இயலாது. புண் ஆறிய பின், பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் கழித்தே, பயன்படுத்தத் தொடங்குவார்கள்.

ஆகவே அறுவைக்கு ஒப்புவதற்கு முன், மருத்துவரிடம் உள்ள செயல்விளக்க மாதிரியைக் கேட்டு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு பம்பை நிரப்பியும் வடித்தும் பாருங்கள். துணைவியும் உடனிருந்து செய்து பார்ப்பது நல்லது. அந்தப் பொத்தான் விரலுக்கு வசப்படவில்லை என்றால், பம்பே இல்லாத, கையால் வளைத்து நிமிர்த்தக்கூடிய வகையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மும்பை மருத்துவர் ரூபின் ஷா உருவாக்கிய ஷா இம்ப்ளாண்ட் அத்தகையது. நீர்மக் கருவியைவிட விலையும் மிகக் குறைவு.