சான் ஸ்டார்ம்ல மாருதி கே12 இன்ஜின்: ஏற்காடு மலைல பத்து வருஷம் தெனமும் ஓட்டுன அனுபவம்

என் வண்டி சான் ஸ்டார்ம். 1998ல வந்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார், கோவால செஞ்சது, மேல துணி டாப், பாடி முழுக்க ஃபைபர், அடில இரும்பு பைப் சேசிஸ். ரோட்டுல பாக்குற பத்துல ஒம்போது பேரு இது வெளிநாட்டு வண்டியான்னு தான் கேப்பாங்க, நம்ம நாட்டுல செஞ்சதுன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. அதுல வந்தது ரெனோவோட 1149 சிசி பெட்ரோல் இன்ஜின், 60 எச்பி. நான் வாங்குனது 2000ல ரெஜிஸ்டர் ஆன வண்டி, ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் ஷெட்டுல சும்மா நின்னுகிட்டு இருந்துச்சு, 2013ல எடுத்தேன்.

வீடு சேலம் கோரிமேட்டுல, வேலை ஏற்காட்டுல எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு பாக்குறது. ஆக தெனமும் காலைல 27 கிலோமீட்டர் மேல, சாயங்காலம் 27 கீழ, ஒரு தடவைக்கு இருபது கொண்டை ஊசி. இத ஏன் மொதல்லயே சொல்றேன்னா, நான் இன்ஜின் மாத்துனது ரேஸ் ஓட்டறதுக்கு இல்ல, தெனமும் ஆபீஸ் போயிட்டு வர்ற வண்டியா இது ஆகணும், பெட்ரோல் செலவு கையக் கடிக்கக் கூடாது, அதே சமயம் வளைவுல இந்த வண்டி குடுக்குற சந்தோஷமும் போகக் கூடாது, இது மூணும் சேர்ந்து தான் வேணும்னு இருந்தேன்.

பழைய இன்ஜின் ரெண்டு வருஷம் ஓடுச்சு. கெட்ட இன்ஜின்னு சொல்ல மாட்டேன், ஆனா டைமிங் பெல்ட்டுல இருந்து சென்சார் வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் ஊர் ஊரா போன் போட வேண்டியிருந்துச்சு, ஹெட் கேஸ்கெட் போனப்ப ஒன்றரை மாசம் வண்டி நின்னுச்சு. கடைசில லிட்டருக்கு 11 தான் குடுத்துகிட்டு இருந்துச்சு.

மாத்தலாம்னு முடிவு பண்ணப்ப எல்லாரும் சொன்னது ஒண்ணு தான், ஸ்விஃப்ட்ல வர்ற 1.3 டீசல் போடு, 190 நியூட்டன் மீட்டர் டார்க், மலைக்கு அது தான் சரின்னு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அந்த இன்ஜின் இரும்பு பிளாக்கு, டர்போ, பெரிய கியர் பாக்ஸ் எல்லாம் சேந்து முன்பக்கம் எடை கூடும். இத்தனூண்டு வண்டிக்கு மூக்குல அவ்ளோ எடைய ஏத்துனா ஸ்டியரிங்கோட அந்த லேசு போயிடும். மலைக்கு எடை தான் எல்லாமே, இத நான் கணக்கு போட்டே பாத்தேன். நானும் பையுமா சேந்து வண்டி 850 கிலோ. கோரிமேட்டுல இருந்து ஆபீஸ் வரைக்கும் ஏறுற உயரம் சுமார் 1100 மீட்டர். இந்த எடைய அந்த உயரத்துக்கு தூக்கறதுக்கு மட்டுமே கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பெட்ரோல் வேணும், ரோட்டுல உருண்டு போற செலவு தனி. எடை 100 கிலோ கூடுனா ஒரு ஏத்தத்துக்கு 100 மில்லிக்கு மேல கூட செலவாகும், வருஷம் 250 நாள் ஏறுனா அது மட்டுமே 25 லிட்டர தாண்டிடும்.

அதனால மாருதியோட கே12எம் பெட்ரோல் இன்ஜின். 2010 மாருதி ரிட்ஸ் கார்ல இருந்தது, 1197 சிசி, 85 பிஎஸ் பவர், 113 நியூட்டன் மீட்டர் டார்க், முழு அலுமினியம், பெல்ட் கெடையாது டைமிங் செயின் தான். பின்னாடி அடி வாங்குன வண்டி ஒண்ணு கெடைச்சுது, இன்ஜின், கியர் பாக்ஸ், ஈசியூ (இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்), முழு வொயரிங், சாவி, மீட்டர் எல்லாமே அந்த ஒரே வண்டில இருந்து கழட்டி வாங்குனேன். இத யாரு பண்ணாலும் இப்படியே பண்ணுங்க. ஈசியூ ஒரு வண்டிது, சாவி ஒரு வண்டிதுன்னு வாங்குனா இம்மொபிலைசர்ங்கிற திருட்டுத் தடுப்பு பூட்டு விடாது, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம உங்கள நாலு வாரம் அலைய விடும்.

பட்டறை அண்ணா அன்னிக்கு ஒண்ணு சொன்னாரு, "தம்பி, இன்ஜின உள்ள வெக்கிறது ஒரு வாரம், அத வண்டியோட சேத்து வெக்கிறது ஒரு வருஷம்"னு. அப்ப எனக்கு வெளங்கல. மவுண்ட்டிங் மூணும் பைப் சேசிஸ்ல தான் வெல்டிங் வெக்கணும், ஃபைபர்ல ஒரு போல்ட் கூட பிடிக்கக் கூடாது, ஃபைபர் அதிர்வு தாங்காது, முடி மாதிரி கோடு விழ ஆரம்பிச்சு ஆறு மாசத்துல வெடிப்பாயிடும். அத அவரு சரியா பண்ணாரு. பெட்ரோல் பம்ப்ப மாத்துனாரு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கூட ரிட்ஸோடதே அப்படியே வெச்சோம். ஏசிய நானே வேணாம்னுட்டேன். வேலை முடிஞ்சு லீ பஜார் பக்கம் எடை மேடைல ஏத்துனேன், முன்னாடி 795 இருந்தது 770ன்னு காமிச்சுது. 2015 ஆகஸ்ட்ல ரோட்டுக்கு வந்துச்சு. செலவு மொத்தம் 1 லட்சத்து 85 ஆயிரம்.

அப்புறம் தான் அண்ணா சொன்ன அந்த ஒரு வருஷம்.

மொத தொல்லை சூடு. கீழ டவுன்ல ஒண்ணும் தெரியாது, அடிவாரம் தாண்டி எட்டாவது வளைவு வந்தா டெம்பரேச்சர் முள்ளு மேல போக ஆரம்பிக்கும், ஃபேன் ஓடும், ஆனா எறங்காது. ரேடியேட்டர் சின்னதுன்னு நெனச்சு பெருசு போட்டேன், அப்பவும் அதே. ஒரு நாள் காலைல ஆறிப்போன வண்டில பானெட்ட தெறந்து ஒவ்வொரு ஹோஸா கையால அமுக்கிப் பாத்தேன். எல்லா ஹோஸும் தண்ணி நெறஞ்ச பலூன் மாதிரி கெட்டியா இருக்கு, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் நாம உக்கார்ற எடத்துக்கும் நடுவுல இருக்குற தடுப்பு) கிட்ட ஹீட்டருக்குப் போற ஹோஸ் மட்டும் லபக்குன்னு அமுங்குது, உள்ள தண்ணியே இல்ல, காத்து. என்னன்னா இந்த வண்டியோட மூக்கு தாழ்வு, ரேடியேட்டர் மூடி இன்ஜினோட உச்சிக்கு கீழ இருக்கு, மூடிகிட்ட ஊத்துற கூலன்ட் மேல ஏறவே ஏறாது, காத்து அங்கயே தங்கிடும். ஃபயர்வால்ல எல்லாத்துக்கும் மேல ஒரு சின்ன டேங்க் வெச்சு, அங்க இருந்து ஊத்துறா மாதிரி பண்ணோம், அவ்ளோ தான், அன்னில இருந்து இன்னி வரைக்கும் முள்ளு பாதிக்கு மேல போனதில்ல. மே மாசம் கோடை விழா கூட்டத்துல மலைல ஒரு மணி நேரம் ஊர்ந்து போனப்ப கூட.

ரெண்டாவது தொல்லை ஆக்சில், இது பயமுறுத்துன தொல்லை. உள் பக்கம் சுசுகி கியர் பாக்ஸ், வெளிப் பக்கம் ரெனோ ஹப், ரெண்டையும் சேக்கணும். ஒரு லேத்துல ரெண்டு ஆக்சிலையும் பாதி பாதியா வெட்டி நடுவுல ஸ்லீவ் போட்டு வெல்டிங் வெச்சு குடுத்தாங்க, பாக்க சுத்தமா இருந்துச்சு. பத்து மாசம் ஓடுச்சு. 2016 ஜூன்ல மழை, ஏறிகிட்டு இருக்கேன், பதினாலாவது வளைவுல ரெண்டாவது கியர்ல திருப்பி ஆக்சிலரேட்டர குடுத்தேன், டங்குன்னு ஒரு சத்தம், இன்ஜின் கத்துது, வண்டி நகரல, பின்னாடி உருள ஆரம்பிச்சுது. பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் பிடிச்சேன். பின்னாடி வந்த பஸ் டிரைவர் அண்ணன் நடு வளைவுலயே பஸ்ஸ நிறுத்தி, எறங்கி வந்து ரெண்டு சக்கரத்துக்கும் கல்லு வெச்சாரு, பயணிங்க எறங்கி ஓரமா தள்ளி விட்டாங்க. அவங்களுக்கு நான் இன்னிக்கும் கடமைப்பட்டிருக்கேன்.

ஒடஞ்ச துண்ட கைல எடுத்து பாத்தப்ப தான் விஷயம் புரிஞ்சுது. வெல்டிங் ஒடையல, வெல்டிங்குக்கு ஒட்டுன மாதிரி ஓரத்துல வட்டமா ஒடஞ்சிருக்கு. ஒடஞ்ச மொகத்துல முக்கால்வாசி கருப்பா, கிரீஸ் எறங்கி, துரு பிடிச்ச மாதிரி, கால்வாசி மட்டும் புதுசா சீனி மாதிரி பளபளன்னு. அப்படின்னா அது அன்னிக்கு ஒடயல, மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டுகிட்டு வந்திருக்கு, மிச்சம் இருந்த கால்வாசில தான் நான் மலை ஏறிகிட்டு இருந்திருக்கேன். ஆக்சில் இரும்பு ஏற்கனவே டெம்பர் பண்ணது, அதுல வெல்டிங் சூடு பட்டா பக்கத்துல இருக்குற இரும்போட கொணமே மாறிடும். அதுக்கப்புறம் ஈஎன்24ங்கிற உறுதியான அலாய் ஸ்டீல் ராடுல முழு நீளத்துக்கு ஒரே துண்டா கடைஞ்சு, ஒரு முனைல சுசுகி பல்லு, மறு முனைல ரெனோ பல்லு வெட்டி, ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணி வாங்குனேன், பக்கத்துக்கு ஒண்ணு ஸ்பேரும் சேத்து. 1 லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு, ஒரு தொல்லை இல்ல. ஆக்சில வெட்டி ஒட்டித் தரேன்னு யாரு சொன்னாலும், எவ்ளோ கம்மியா சொன்னாலும், தயவு செஞ்சு வேணாம்னுடுங்க.

இப்போ மைலேஜ், எல்லாரும் கேக்குறது. அஸ்தம்பட்டில ஒரே பங்க், ஒரே பம்ப், ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திடுவேன், நோட்டுல எழுதி வெச்சிருக்கேன் 2015ல இருந்து. மலை ஏறி இறங்குற சராசரி 18.6. ஓபிடில (ஈசியூ கிட்ட இருந்து கணக்கு எடுக்குற சாக்கெட்) ப்ளூடூத் மாட்டி தனித்தனியா பாத்தா, ஏற 2.3 லிட்டர், எறங்க 0.6 லிட்டர். கோயமுத்தூர் ரோட்டுல 80ல போனா 22 வரைக்கும் வரும், 100க்கு மேல போனா டயர் சின்னதுங்கிறதால 3200 ஆர்பிஎம்ல கத்தும், அங்க கொறையும். இப்போ பங்க்ல எல்லாம் ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஆனதுக்கப்புறம் மலைச் சராசரி 18 தான் வருது, எத்தனால்ல சக்தி கம்மி, அது எதிர்பாத்தது தான். ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் அப்பவே மாத்திட்டேன்.

எறங்கும்போது நெறைய பேரு நியூட்ரல்ல விடுறாங்க பெட்ரோல் மிச்சம்னு. அது தப்பு, தெனமும் பாத்து பாத்து எனக்கு வயிறு எரியுது. கியர்ல விட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தீங்கன்னா ஈசியூ இன்ஜெக்டர மூடிடும், சக்கரம் தான் இன்ஜின சுத்துது, பெட்ரோல் சுத்தமா பூஜ்யம். நியூட்ரல் போட்டா இன்ஜின் தானா ஓடணும்ல, அதுக்கு பெட்ரோல் குடிக்கும், அதோட இன்ஜின் பிரேக்கிங்கும் போச்சு. மூணாவதுல எறங்கி வளைவுக்கு ரெண்டாவது, இப்படித் தான் நான் பத்து வருஷமா எறங்குறேன், முன் பிரேக் பேட் 40 ஆயிரத்துக்கு ஒரு தடவை தான் மாத்துறேன்.

காகிதம் விஷயம். 2015ல நான் ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் குடுத்து, வண்டிய காட்டி, ஆர்சில புது இன்ஜின் நம்பர ஏத்தி, இன்சூரன்ஸ்லயும் சொல்லி தான் ரோட்டுக்கு கொண்டு வந்தேன், 2020லயும் 2025லயும் ரினியூவல் ஆச்சு. எனக்கு கெடைச்சுதேன்னு நீங்க இறங்கிடாதீங்க. வண்டிய மாத்துறத கட்டுப்படுத்துற மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி குடுத்த அமைப்ப மீறி மாத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. எழுத்துல அனுமதி கைக்கு வராம ஒரு போல்ட்ட கூட கழட்டாதீங்க, ஆர்சில இல்லாத இன்ஜினோட ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ்ல பெரிய சிக்கலாயிடும்.

தெனசரி வாழ்க்கைல கஷ்டம் இல்லாம இல்ல. துணி டாப்ப கொரங்கு ரெண்டு தடவை கிழிச்சிருக்கு, சாப்பாட்டுப் பைய சீட்டுல வெச்சுட்டு போனது தான் காரணம், இப்போ டிக்கில வெக்கிறேன். ஐப்பசி மழைல இடது பக்க மூலைல தண்ணி சொட்டும். ஏப்ரல் மே மாசம் டவுனுக்குள்ள ஏசி இல்லாம அஞ்சு ரோடு சிக்னல்ல நிக்கிறது கொடுமை தான். வீட்டுல நாலு பேருங்கிறதால எல்லாரும் சேந்து போக இன்னொரு வண்டி வேணும். ஈரத்துல கொண்டை ஊசில கால் கொஞ்சம் கூட அழுத்துனா உள் பக்க முன் சக்கரம் சுத்திடும், அதுக்கு நல்ல டயர் தான் மருந்து. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல காட்டெருமை ரோட்டுல நிக்கும், உசரம் கம்மியான வண்டில அது கண்ணுக்கு நேரா நிக்கிறப்ப நெஞ்சு ஒரு நிமிஷம் நின்னுடும், லைட்ட டிம் பண்ணிட்டு அது போற வரைக்கும் காத்திருக்கணும்.

ஆனா மார்ச் ஏப்ரல்ல ஒரு மழை பெஞ்சு ஒரு வாரம் கழிச்சு காப்பி பூக்கும் பாருங்க, காலைல ஏழரை மணிக்கு டாப்ப தெறந்து விட்டு கடைசி வளைவ தாண்டுனா மல்லிகப்பூ மாதிரி வாசம் வண்டிக்குள்ள வந்து உக்காந்துக்கும். மூணாவது கியர்ல இன்ஜின் 2500ல ஓடிகிட்டு இருக்கும், கைல ஸ்டியரிங் லேசா இருக்கும்.

இப்போதைக்கு மீட்டர்ல மாத்துனதுக்கப்புறம் 1 லட்சத்து 24 ஆயிரம். கிளட்ச் ஒரு தடவை, இடது மவுண்ட்டிங் ரப்பர் ரெண்டு தடவை, வாட்டர் பம்ப் ஒரு தடவை, ஆயில் 8 ஆயிரத்துக்கு ஒரு தடவை. வலது ஆக்சில் பூட்ல கிரீஸ் கசிய ஆரம்பிச்சிருக்கு, ஞாயித்துக்கெழமை பட்டறைல ஏத்தணும்.