ஃபோர்க்கைத் தொடாமல் ஒரு ஹார்ட்டெயில்: மூன்று மழைக்காலத்து அனுபவம்

சீமைக் கருவேல முள் கிடக்காத மண்பாதை கோவை வட்டாரத்தில் அபூர்வம். குளத்துக் கரை, தோட்டத்து வேலியோரம், காய்ந்த ஓடை என்று எங்கே சக்கரம் இறங்கினாலும் அது காத்திருக்கும். அதனால்தான் "எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) வாங்கிட்டேன், முதல்ல எதை மாத்தலாம்?" என்று கேட்கிறவர்களுக்கு டயர் என்று பதில் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் முன் ஷாக், அதாவது ஃபோர்க், என்ற பதிலைத்தான் எதிர்பார்த்து வருகிறார்கள்.

என்னுடையது நடுத்தர விலை ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் ஷாக் உள்ள எம்டிபி. அலுமினியச் சட்டம், 29 அங்குலச் சக்கரம், 100 மி.மீ. ஸ்பிரிங் ஃபோர்க், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், கியர் முன்னால் 3, பின்னால் 8. என் எடை 74 கிலோ. குதிப்பது, பறப்பது எல்லாம் கிடையாது. மதுக்கரைப் பக்கத்துச் சரளைப் பாதைகள், நொய்யல் கரை, மாதத்தில் ஒரு நாள் கோத்தகிரி, அவ்வளவுதான். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போவதில்லை. யானைக்கு பிரேக் பிடிப்பதற்குள் நேரமாகிவிடும்.

உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயருக்கு மாற்றியதுதான் இந்த சைக்கிளுக்குச் செய்ததிலேயே பெரிய வேலை. முதலில் ரிம் ட்யூப்லெஸ்ஸுக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். பிறகு ரிம்மின் உள்ளகலத்தைவிடச் சற்று அகலமான டேப், பிரெஸ்டா என்ற மெல்லிய சைக்கிள் வால்வு, 2.25 அங்குல டயர், சக்கரத்துக்கு 80 மி.லி. போல சீலன்ட் (முள் குத்திய ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்). டயர் விளிம்பு ரிம்மில் ஏறி உட்கார ஒரேயடியாகக் காற்று போக வேண்டும், கைப்பம்பில் மாளாது. பஞ்சர் கடை கம்ப்ரஸரில் வைத்தால் பட்பட்டென்று சத்தத்தோடு உட்காரும். கடைக்காரர் குழாய் பிரெஸ்டாவில் பொருந்தாது என்பதால் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

பலன்? ட்யூபோடு காற்றழுத்தத்தை 35 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்கப் பயமாக இருக்கும். கல்லில் மோதினால் ட்யூப் நசுங்கிக் கிழியும். இப்போது முன்னால் 21, பின்னால் 24 வைக்கிறேன். சரளையில் டயர் மண்ணைப் பிடித்துக்கொண்டு போகிறது, உள்ளங்கை மரத்துப் போவதும் நின்றது. ஷாக்கிடம் எதிர்பார்த்த சொகுசில் பாதியை டயரே கொடுத்துவிட்டது. ஆனால் நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காயும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்றாவிட்டால் உள்ளே ரப்பர் உருண்டைதான் மிஞ்சும்.

கியரில் 1x10க்கு, அதாவது முன்னால் 1, பின்னால் 10 என்று மாறினேன்: ஷிமானோ டியோர், 11-46 பல் கேசட் (பின் பற்சக்கர அடுக்கு), முன்னால் 32 பல். "ஒரே பற்சக்கரத்தில் மேடு ஏறுமா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். கணக்குப் போட்டாலே தெரியும். ஏற்றத்துக்கான பழைய கடைசி கியர் முன்னால் 22 பல்லுக்குப் பின்னால் 32, அதாவது ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரம் 0.69 சுற்று. புதியது 32க்கு 46, அதாவது 0.70. ஏற்றத்தில் எந்த இழப்பும் இல்லை. இழப்பு மறுமுனையில் இருக்கிறது. முன்பு 42க்கு 11 இருந்தது, இப்போது 32க்கு 11. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தாலும் 36 கி.மீ. வேகத்தோடு சரி. அவிநாசி ரோட்டில் ரோடு சைக்கிள் கூட்டத்தோடு ஓடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. இன்னொன்று, வாங்கும் முன் பின் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) பாருங்கள். விலை குறைந்த 7, 8 கியர் சைக்கிள்கள் பலவற்றில் மறையில் திருகும் பற்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீல்தான் இருக்கும். அதில் கேசட் ஏறாது. அப்படியானால் சக்கரமே மாற்ற வேண்டிவரும், செலவு எங்கோ போய்விடும். செயினை அளவுகோல் வைத்துப் பார்த்து, 0.75 சதவீதம் நீண்டதும் மாற்றிவிடுகிறேன். விட்டால் கேசட்டையும் சேர்த்துத் தின்னும்.

பிரேக்குக்குப் பெரிய செலவில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ., 1,400 மீட்டருக்கும் மேல் இறக்கம். அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் டிஸ்க் சூடேறி லீவர் தரும் பிடி குறையும். வளைவுக்கு முன் பலமாகப் பிடித்து, பிறகு முழுசாக விட்டுவிடுவது நல்லது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடில் மெட்டல் ரகம் சூட்டையும் மழையையும் நன்றாகத் தாங்கும், ஆனால் "ரெசின் பேட் மட்டும்" என்று ஆங்கிலத்தில் பொறித்த டிஸ்க்கில் அதைப் போட்டால் டிஸ்க் தேய்ந்து போகும். என்னுடையது அந்த ரகம் என்பதால் டிஸ்க்கையும் சேர்த்தே மாற்றினேன். செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரே எண்ணெய் டிஸ்க்கில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில்தான். மோட்டார் பைக் மெக்கானிக் அன்பாக நீட்டும் டாட் பிரேக் திரவம் உள்ளே இருக்கும் சீல்களைக் கெடுத்துவிடும்.

ஊசிமுனை வைத்த ஃப்ளாட் பெடல் நல்ல வாங்கல். முழங்காலுக்குக் கீழே கீறல் விழும், பழகிவிடும்.

அப்புறம் ஃபோர்க். அது நல்ல ஃபோர்க் என்று சொல்ல மாட்டேன். கனம் இரண்டரைக் கிலோவுக்கு மேல், வேகமாக மோதினால் துள்ளுகிறது. ஆனால் என் சட்டம் ஏற்பது நேரான 28.6 மி.மீ. ஸ்டியரரை (சட்டத்துக்குள் நுழையும் ஃபோர்க்கின் மேல்குழாய்). ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றில் இயங்கும் இன்றைய நல்ல ஏர் ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை அடியில் அகலும் ஸ்டியரரும் 15 மி.மீ. அச்சும் கொண்டவை. அப்படியொன்று என் சட்டத்தில் நுழையவே நுழையாது. நுழையும் சட்டமாக இருந்தாலும் முன் ஹப்பையோ சக்கரத்தையோ மாற்ற வேண்டும். எல்லாம் கூட்டினால் சைக்கிள் விலையில் முக்கால்வாசி வந்துவிடுகிறது. அந்தப் பணத்தை, ஏர் ஃபோர்க்கோடு வருகிற அடுத்த சைக்கிளுக்குச் சேர்த்து வைப்பேன். அதுவரை மழைக்காலம் முடிந்ததும் ஃபோர்க்கைப் பிரித்துத் துடைத்து கிரீஸ் வைக்கிறேன்.

ட்யூப்லெஸ் போட்டவர்களுக்கு ஒன்று. டயர் பெரிதாகக் கிழிந்து வழியில் ட்யூப் போட வேண்டி வந்தால், அதற்கு முன் டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியால் தடவிப் பாருங்கள். சீலன்ட் அடைத்துவிட்டதால் நமக்கே தெரியாமல் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பழைய முட்கள் எல்லாம் துணியில் மாட்டும். கையால் தடவ வேண்டாம்.