யூரோவிஷன் வாக்குக்கு ரீலோட் கடையில் காசு கட்டாதீர்கள்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்தில் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியான யூரோவிஷனைப் பார்க்கும் ரசிகர்களுக்கு. "ஒரு வாக்கு 500 ரூபா, 50 வாக்கு எடுத்தால் 20,000" என்று வட்ஸ்அப்பில் ஆள் பிடிக்கிறார்கள். நம்பாதீர்கள். 2025இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் போட்டி நடந்த நேரம் டவுனில் ஒரு ரீலோட் கடை இப்படித்தான் வசூல் செய்தது. கையில் கார்டு இல்லாத தோட்டத்துப் பிள்ளைகள் கூட்டுச் சேர்ந்து கட்டினார்கள். கிடைத்தது ஒரு ஸ்க்ரீன்ஷொட் மட்டும்: "இலங்கை வாக்குகளில் முதலிடம்."

அந்த வரியே பொய். போட்டியில் பங்குபற்றாத நாட்டவர்கள் 2023 முதல் வாக்களிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்த வாக்குகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நாட்டின் வாக்காகத்தான் எண்ணப்படும். ஒரு நாடு போலவே அதுவும் பத்துப் பாடல்களுக்கு 1 முதல் 8 வரை, பிறகு 10, 12 என்று மொத்தம் 58 புள்ளி கொடுக்கும். இலங்கைக்கென்று தனி முடிவு வெளியாவதே இல்லை.

50 வாக்கும் நடக்காத கதை. பாசலில் ஒரு கார்டுக்கு உச்சம் 20 வாக்கு. 2026க்கு அதையும் 10 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

நேரத்தில்தான் அதிகம் பேர் ஏமாந்தார்கள். இறுதிச் சுற்று ஐரோப்பாவில் சனிக்கிழமை இரவு 9 மணிக்குத் தொடங்கும். நமக்கு அது ஞாயிறு அதிகாலை 12.30. விடியுமுன் கோப்பையே கொடுத்து முடிந்திருக்கும். அந்தக் கடையோ ஞாயிறு சந்தை கலையும் வரை வாக்குக்குக் காசு வாங்கியது. லயத்தில் சிக்னல் இல்லாமல் நேரலை பார்க்க முடியாத பிள்ளைகளுக்கு இது எப்படித் தெரியும்? நெஞ்சு கொதிக்கிறது.

வாக்களிக்க யாருடைய உதவியும் தேவையில்லை. இலங்கையிலிருந்து எஸ்எம்எஸ்ஸோ அழைப்போ செல்லாது, இணையத்தில் மட்டும்தான். முகவரி 'ஈஎஸ்சி டாட் வோட்'. 'வோட்' என்பதற்குப் பிறகு டாட் கொம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அது போலித் தளம். ஒரு வாக்கு ஏறத்தாழ ஒரு யூரோ. நம்முடைய டெபிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு மூடியிருக்கும், அதனால் கடைசி நேரத்தில் கார்டு மறுக்கப்படும். போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வங்கிக்கு அழைத்துத் திறந்து வையுங்கள். ஓடிபி வரும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் தொகையையும் வாசியுங்கள். 5 வாக்குக்கு 50 யூரோ என்று வந்தால் ஓடிபியைப் போடாமல் வெளியேறுங்கள்.

கார்டு இல்லாவிட்டால் வீட்டில் அக்காவோ மாமாவோ வைத்திருக்கும் கார்டில், பக்கத்தில் உட்கார்ந்து போடுங்கள். வேறொருவர் உங்களுக்காகப் போட்டதாகச் சொன்னால் ஸ்க்ரீன்ஷொட் வேண்டாம். காசு கழிந்ததற்கு வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ்ஸை அவருடைய போனிலேயே காட்டச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே போலித் தளத்தில் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டீர்களா? முதலில் வங்கிக்கு அழைத்துக் கார்டை முடக்குங்கள், மற்றதெல்லாம் பிறகு. கடையில் கட்டியவர்கள் பணம் அனுப்பிய ரசீதோடு பொலிசில் முறைப்பாடு செய்யலாம். கோபத்தில் அந்த வட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்; விலை பேசிய திகதியும் எண்ணும் அதில்தான் இருக்கின்றன.