என்ஜின்எக்ஸில் கோரிக்கை வரம்பு: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

மூன்று கட்டணத் திட்டங்களுக்கு மூன்று விதமான கோரிக்கை வரம்பு (ஒருவர் வினாடிக்கு எத்தனை முறை கேட்கலாம் என்ற அளவு) வைக்க என்ஜின்எக்ஸ் என்ற இணையச் சர்வர் மென்பொருளே போதுமா, கோரிக்கைகளை முன்னால் நின்று கட்டுப்படுத்தும் ஏபிஐ கேட்வே ஒன்று தனியாக வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் ஏபிஐ (பிற நிரல்கள் எங்கள் சேவையைக் கேட்டுப் பெறும் வழி) முழுவதும் பல ஆண்டுகளாக என்ஜின்எக்ஸுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. நிறுவும் முறை எல்லோருக்கும் தெரிந்ததே என்பதால், என்னை இன்றுவரை உறுத்தும் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன்.

அமைப்புக் கோப்பில் ரேட் என்ற இடத்தில் வினாடிக்கு 10 என்று எழுதுகிறோம். என்ஜின்எக்ஸ் அதை மில்லிவினாடிக் கணக்கில் பார்க்கிறது. அதாவது 100 மில்லிவினாடிக்கு ஒரு கோரிக்கை. இந்த வேகத்துக்கு மேல் எத்தனை கோரிக்கைகளைத் தாங்கலாம் என்பது பர்ஸ்ட்; நாமாக அதைக் கொடுக்காதவரை அதன் மதிப்பு பூஜ்யம். வாடிக்கையாளர் தன் டாஷ்போர்டைத் திறந்ததும் உலாவி ஒரே கணத்தில் 6 கோரிக்கைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அனுப்புகிறது என்று வையுங்கள். முதலாவது உள்ளே போகும், மற்ற ஐந்தும் திரும்பும். வினாடிக்குப் பத்து என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த நாம், ஆறு அனுப்பியவருக்கு மறுப்புச் சொல்கிறோம்.

மறுக்கும்போது தரும் எண்ணும் சரியில்லை. வரம்பு மீறலுக்கென்றே 429 என்ற நிலைக்குறியீடு 2012இல் வெளியான ஆர்எஃப்சி 6585இல் வரையறுக்கப்பட்டுவிட்டது. ஆனால் இங்கே இயல்பாக வருவது 503. அதைப் பார்ப்பவர், தான் வேகமாகக் கேட்கிறோம் என்று எண்ணமாட்டார். சர்வர் படுத்துவிட்டது என்றே எண்ணுவார், அவருடைய நிரலோ உடனே மீண்டும் முயலும். லிமிட்_ரெக்_ஸ்டேட்டஸ் என்ற ஒரே வரியில் மாற்றிவிடலாம் என்பது உண்மைதான். அந்த வரி ஒவ்வொரு நிறுவலிலும் நம் நினைவை நம்பியிருக்கிறது என்பதே என் ஆதங்கம். எப்போது மீண்டும் முயலலாம் என்று சொல்லும் ரீட்ரை-ஆஃப்டர் தலைப்பையும் நாமே தனியாகச் சேர்க்க வேண்டும்.

பர்ஸ்டுக்கு 20 கொடுத்தால் மட்டும் தீராது. மிகுதியானவை வரிசையில் நின்று ஒவ்வொன்றாகப் போகும். வரிசையில் இருபதாவதாக நிற்கும் கோரிக்கை 2 வினாடி காத்திருக்கும், அதற்குள் கைபேசிச் செயலியில் பயனர் பொறுமை இழந்திருப்பார். காத்திருக்க வைக்காதே என்று சொல்லும் நோடிலே என்ற சொல்லையும் சேர்த்தால் 21 கோரிக்கைகளும் உடனே உள்ளே போய்விடும், பர்ஸ்டின் இடங்கள் மட்டும் 100 மில்லிவினாடிக்கு ஒன்றாகக் காலியாகும். வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

திட்டவாரியாக வரம்பு வைக்கும் வழி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ரேட் மதிப்பில் மாறியை வைக்க முடியாது என்பதால், ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு ஸோன் (எண்ணிக்கையை வைத்திருக்கும் நினைவகப் பகுதி) வேண்டும். மேப் என்ற பொருத்துப் பட்டியல் கொண்டு ஏபிஐ சாவியை (வாடிக்கையாளரை அடையாளம் காட்டும் குறியை) அவரது திட்டத்தோடு பொருத்தி, பொருந்தாத ஸோன்களுக்குச் சாவியாக வெற்றுச் சரத்தை (எழுத்தே இல்லாத மதிப்பை) அனுப்பிவிட்டால் போதும். சாவி வெறுமையாக இருக்கும் கோரிக்கையை அந்த ஸோன் எண்ணவே எண்ணாது. வரம்பை இயக்கும் மூன்று லிமிட்_ரெக் வரிகளையும் ஒரே இடத்தில் எழுதலாம், ஒருவருக்கு ஒன்று மட்டுமே செல்லும். ஐபி முகவரியை வைத்து எண்ணினால், ஒரே அலுவலக இணைப்பிலிருந்து வரும் அத்தனை பேரும் ஓர் ஆளாகிவிடுவார்கள். சாவியை வைத்து எண்ணுவதில் அந்த அநியாயம் இல்லை. நினைவகமும் அதிகம் கேட்காது: 64 பிட் இயந்திரத்தில் 1 எம்பிக்குச் சுமார் 8,000 சாவிகள் அடங்கும்.

என்ஜின்எக்ஸின் 1.17.1 பதிப்பில் வந்த டிரை ரன் (ஒத்திகை ஓட்டம்) வசதிக்காக அதை எழுதியவர்களுக்கு நெஞ்சார நன்றி சொல்வேன். யாரையும் மறுக்காமல், மறுத்திருந்தால் யார் யார் சிக்கியிருப்பார்கள் என்பதை மட்டும் லாகில் காட்டுகிறது. புதிய வரம்பைச் சில நாள் இப்படி ஓடவிட்டு, மேலே சொன்ன வரியின் அதே பெயருள்ள லிமிட்_ரெக்_ஸ்டேட்டஸ் மாறியை அணுகல் லாகில் பதிந்து, ரிஜெக்டட்_டிரை_ரன் என்று விழும் வரிகளைச் சாவிவாரியாக எண்ணிப் பார்த்த பிறகே உண்மையான வரம்பை இயக்க வேண்டும்.

இவ்வளவு பாராட்டிய பிறகும், நண்பர் தனி கேட்வே வாங்குவதே நல்லது என்பேன். என்ஜின்எக்ஸின் இலவசப் பதிப்பில் எண்ணிக்கை ஒரு சர்வரின் நினைவகத்துக்குள்ளேயே நிற்கிறது. அவரிடமோ கோரிக்கைகளைப் பங்கிட்டு அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் நான்கு சர்வர்கள் இருக்கின்றன. வினாடிக்கு 10 என்பது அங்கே 40 வரை போகும், இணைப்பு எந்தச் சர்வருக்குப் போகிறது என்பதைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறவும் செய்யும். காசு வாங்கிக்கொண்டு விற்கும் வரம்பு அப்படி அசையக் கூடாது. எங்களுடையது ஒரே சர்வர் என்பதால், நான் மாற்றப் போவதில்லை.