லண்டன் ராவா, நியூயார்க் டைனமைட்டா?

வாராந்திர டிவி மல்யுத்தத்தில் என்னை அசர வைத்தவை இரண்டு ஆட்டங்கள். 2007 ஏப்ரலில் லண்டனில் நடந்த ராவில் (WWE நிறுவனத்தின் வார நிகழ்ச்சி) ஜான் சீனாவும் ஷான் மைக்கேல்ஸும் மோதியது. 2021 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த டைனமைட்டில் (போட்டி நிறுவனமான AEW-வின் வார நிகழ்ச்சி) கென்னி ஒமேகாவும் பிரையன் டேனியல்சனும் மோதியது.

முதலாவது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஓடும். மெதுவாகத்தான் சூடு பிடிக்கும், பொறுமை வேண்டும். ஆனால் மூன்று வாரம் முன்பு WWE-யின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியாவில் சீனாவிடம் தோற்ற மைக்கேல்ஸ், கடைசியில் தாடையில் விடும் அந்த சூப்பர்கிக் உதையை இறக்கி ஜெயிக்கும்போது நமக்கே மூச்சு வாங்கும்.

டைனமைட் ஆட்டம் 30 நிமிடம். தொடும் முன்பே, இருவரும் முறைத்து நிற்பதற்கே அரங்கம் அதிரும். அறை வாங்கி டேனியல்சனின் மார்பு சிவப்பது திரையிலேயே தெரியும். அப்புறம் நேரம் முடிந்து டிரா.

வேகத்தில் டைனமைட்தான் மேல், சரி. ஆனாலும் முடிவு கண்ட நிறைவுக்காக என் ஓட்டு லண்டனுக்கே.